மெத்தைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து மெத்தைக்கு அடியில் நுழைக்கிறான், முழங்கை வரைக்கும் உள்ளே போன பிறகு விரல்நுனியில் அந்தத் துணிப்பை தட்டுப்படுகிறது, சின்னதாக, நாலு மூலையும் கூராக, மெத்தையின் அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்தது, உள்ளே ஒரு தீப்பெட்டி, தடவுகிறான், இன்னொரு தரம் தடவுகிறான், குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் அது வெறும் குளிர்ச்சியா ஈரமா என்று மட்டும் கை சொல்ல மாட்டேன் என்கிறது, இந்த வித்தியாசம் கூடத் தெரியாத கையை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகக் கடலில் என்னத்தைக் கிழித்தாய் என்று கிளீட்டஸ் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான், கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்கிறான், மத்தியான வெயில் வீல்ஹவுஸ் கண்ணாடி வழியாக வந்து அவன் கால்மாட்டில் கிடக்கிறது, சுக்கானில் வேறொருவன் நிற்கிறான், படகை நடத்துகிற சிராங்கு கொஞ்சம் கண்ணயரட்டும் என்று சத்தம் காட்டாமல் நிற்கிறான், விண்ணரசி என்கிற அந்தப் படகு வயிறு நிறையச் சூரை மீனோடு தேங்காய்ப்பட்டணத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது, சாயங்காலம் கரை, கரையில் லிட்டில் பிளவர் நிற்பாள், கையில் கத்தரிக்கோல் இருக்கும், அவனுடைய பெண்டாட்டி, இந்தப் பையைத் தைத்தவள், தைத்ததைப் பிரித்துத் தீப்பெட்டியை வெளியே எடுத்து உரசிப் பார்ப்பாள், குச்சி பற்றினால் கிளீட்டஸ் இனியும் கடலுக்குப் போகலாம், பற்றாவிட்டால் மார்த்தாண்டத்தில் மச்சானுடைய மெத்தைக் கடை, மின்விசிறிக்குக் கீழே ஒரு சுழல் நாற்காலி, ஆயுசுக்கும். அதுதான் பந்தயம்.

லிட்டில் பிளவர் என்று பெயர் வைத்தவர்கள் அவளைத் தொட்டிலில் பார்த்து வைத்திருக்கிறார்கள், இப்போது பார்த்தால் முதல் பாதியை எடுத்துவிடுவார்கள், இதைச் சொன்னது கிளீட்டஸ் இல்லை, பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவளே சொன்னது, நாற்பது தாண்டிய பெண்ணும் ஐம்பதை எட்டிப் பார்க்கிற மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு சுற்றி நிற்கிறார்கள், அவள் அப்படிச் சொல்லிவிட்டுக் கதவு நிலை அதிரச் சிரிக்கிறாள், அவன் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறான், அதோடு முடிந்தது விஷயம், எத்தனையோ காற்றுக்குத் தப்பினவன் ஒரு சிரிப்பில் கவிழ்ந்தான் என்று விண்ணரசியின் சமையல்காரன் தொபியாஸ் இன்றைக்கும் சொல்லுவான், அவனுக்கு என்ன, சொல்லுவான். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், கடலில் எதில் படுப்பீர்கள் என்று கேட்டாள், பலகையில் என்றான், மேலே ஒரு பாய், பாதிப் பாய் என்று வைத்துக்கொள்ளலாம், அவள் தம்பி கடையில் ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவள், தன் வீட்டுக்காரன் பலகையில் கிடக்கிறான் என்றதும் அது அவளுக்கு ஒரு மானக்கேடு மாதிரி ஆகிவிட்டது, அளவு கொண்டு வாருங்கள் என்றாள், அவன் படகுக்குப் போய் ஒரு தூண்டில் நரம்பை எடுத்து நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான், டேப்பு இல்லாத வீட்டில் பிறந்தவரா என்று கேட்டாள், ஆனால் அந்த முடிச்சுக்கு முடிச்சு சரியாக, நீலக் கோடு போட்ட துணியில், இலவம்பஞ்சு அடைத்து, பொத்தான் வைத்து, இடுப்பு படுகிற இடத்தில் ஒரு பிடி கூடுதலாக வைத்துத் தைத்தாள், கடலுக்குக் கொண்டுபோய் விரித்து அதில் முதல் தடவை மல்லாந்தபோது கிளீட்டஸுக்குக் கண் கலங்கியது, வாழ்க்கையில் அவனுக்கென்று அளவெடுத்து யாரும் எதையும் செய்ததில்லை.

அந்த மெத்தை திரும்பி வந்த கோலம் இருக்கிறதே. மேலே ஒன்றும் தெரியாது, நீலக் கோடு நீலக் கோடாகத்தான் இருந்தது, புரட்டினால் அடியில் கறுப்பு, புள்ளி புள்ளியாக, பிறகு படை படையாக, பஞ்சு கனத்துக் கட்டி தட்டி, ஒரு வாடை, பழைய சாக்கு மூலையில் நனைந்து கிடந்தால் வருமே அந்த வாடை, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, சிராங்குக்கு இன்னும் தொட்டில் வயசு கழியவில்லை என்று படகில் கேலி தொடங்கிவிட்டது, தொபியாஸ் ஒருநாள் அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைத் துணியை மடித்து வைத்திருந்தான், கிளீட்டஸ் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டான், வேறு என்ன செய்ய, ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டான், தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, கூரை ஒழுகுகிறதா, பக்கவாட்டில் விரிசலா, படுக்கைக்குக் கீழே இருக்கிற அலமாரி வழியாகவா, அதற்கும் கீழே ஐஸ் அறை, அங்கேயிருந்து ஏறுகிறதா, கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் அது வெளியிலிருந்து உள்ளே வருவது, எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது, ஓட்டையை அடைத்தால் தீர்ந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. உளுத்துப்போன பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புது பிளைவுட் போட்டான், மேலேயும் கீழேயும் பைபர் ஒட்டினான், ரெசினை மூன்று கை பூசினான், மூலை முடுக்கெல்லாம் அடைத்தான், எறும்பு மூச்சுவிட வழி இல்லை, தடவிப் பார்த்தால் வெண்கலப் பாத்திரம் மாதிரி வழவழவென்று இருந்தது, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அடுத்த பயணத்தில் மெத்தை முன்னைவிட இரண்டு மடங்கு நனைந்தது.

அதற்குப் பிறகுதான் இழுப்பு வந்தது, மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது, டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார், பிளவர்தான் பதில் சொன்னாள், சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார், ஒன்று காய்ந்த படுக்கையில் படுக்க வேண்டும், இல்லையென்றால் கடலை விட வேண்டும், அந்தப் பூசணத்தை இன்னும் ஒரு வருஷம் மூச்சில் இழுத்தால் மருந்து கேட்காது என்றார், மச்சான் மறுநாளே வந்துவிட்டான், அத்தான், கடையில எனக்கு ஒரு ஆளு வேணும், சும்மா இருந்து பில்லு போட்டா மதி, நாற்காலி கறங்கும் பாத்துக்கிடுங்க என்றான், நல்ல மனசுக்காரன்தான், கிளீட்டஸ் அந்த நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், மெத்தைகள் அடுக்கியிருந்த சுவர், கண்ணாடிக் கதவு, ரோட்டில் போகிற லாரி, மறுபடி மெத்தைகள், அவனுக்குத் தலை சுற்றியது, எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் என்று ஒன்று அங்கே இல்லை.

விண்ணரசி பெயின்ட் அடிக்கக் கரையேறி நிற்கிறது, அதன் வயிற்றில் சாய்த்த ஏணியில் லிட்டில் பிளவர் ஏறுகிறாள், ஏணி முனகுகிறது, கீழே தொபியாஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறான், விழமாட்டேன் தம்பி, விழுந்தாலும் ஒனக்க மேலதான் விழுவேன் என்கிறாள் அவள், நேரே வீல்ஹவுஸுக்குள் போய், படுக்கையைப் பார்த்து, நேற்று இரவு காவலுக்கு கிளீட்டஸ் இங்கேதான் படுத்திருந்தான், ஐஸ் அறையில் மிச்சம் கிடந்த ஐஸ் இன்னும் உருகி முடியவில்லை, மெத்தையின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கையை அடியில் விடுகிறாள், எடுத்த கை மினுங்குகிறது, அதை அவன் வாய்க்கு நேராக நீட்டுகிறாள், நக்கிப் பாருங்க என்கிறாள். பெயின்ட் டப்பாவோடு நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் அவன் பெண்டாட்டியின் உள்ளங்கையை நக்குகிறான், ஒருவன் விசில் அடிக்கிறான், உப்பு உண்டா என்று கேட்கிறாள், இல்லை, உப்பு இல்லை, அவன் மறுபடியும் நக்குகிறான், துளிக்கூட இல்லை, கடல் உப்பு, மழைக்காலமும் இல்லை, அப்படியானால் இது எந்தத் தண்ணீர், இத்தனை நாள் எவனுக்கும் இதை ருசி பார்க்கத் தோன்றவில்லையே, இது கடல் வெள்ளமில்ல, கேட்டியளா, இது ஒங்களுக்க மூச்சு என்கிறாள் அவள், ஒங்களுக்க மூச்சும் வேர்ப்பும் மெத்தைக்க உள்ள இறங்கி, கீழ ஐஸுக்க குளிரில முட்டி நிக்குது, நீங்க பைபர் வச்சுப் பூசிப் போறதுக்கு வழியில்லாம அடச்சு வச்சிருக்கிய, சோத்துப் பானைக்க மூடியத் தெறந்து பாத்ததில்லையா. தொபியாஸ் தினமும் சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கிறவன், அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

காற்றுப் போக வேண்டும், பலகையில் துளை போடுங்கள் என்றாள். படகில் நின்று சொல்லக்கூடாத வார்த்தை என்று ஒன்று உண்டானால் அது இதுதான், பெயின்ட் அடித்தவர்கள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டார்கள், கிளீட்டஸ் சமாளித்துக்கொண்டான், இது படுக்கைதானே, அடியில் அலமாரிதானே, கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மற்றவர்களுக்கு விளக்கினான், விளக்கிக்கொண்டே டிரில்லிங் மிஷினை எடுத்துப் பலகையில் வைத்தான், வைத்த கை அழுத்தாமல் நின்றது, புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை, முப்பது வருஷமாகப் படகில் எங்கே துளையைக் கண்டாலும் அடைத்த கை, அது மரத்தில் ஓட்டை போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, பிளவர் மிஷினை வாங்கிக்கொண்டாள், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து துளைத்தாள், வரிசை வரிசையாக, பிட்டு அவிக்கிற துளைச் சில்லு மாதிரி ஆயிற்று பலகை, மரத்தூள் அவள் புருவத்தில் எல்லாம் ஒட்டியிருந்தது, அவ்வளவு அழகாக அவளை அவன் அதுவரை பார்த்ததில்லை, அங்கேயே சொல்லவும் செய்தான், அவள் வெட்கப்பட்டு இரண்டு துளையைக் கோணலாகப் போட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு துளை இல்லை. ஒவ்வொன்றிலும் மரக்குச்சியைச் செதுக்கி அடித்து, மேலே ரெசின் வைத்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, எங்கே துளை இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி வேலை நடந்திருந்தது, கோணல் துளை இரண்டுக்கும் கோணலாகவே குச்சி செதுக்கியிருந்தான், தொபியாஸ் பக்கத்தில் நின்று ஒரு சபாஷுக்குக் காத்திருந்தான், ஏன் தம்பி இப்படிச் செய்தாய் என்று பிளவர் கேட்டதும்தான் அவனுக்கு நேற்றைய பேச்சு ஞாபகம் வந்தது, முகம் சுருங்கிப் போயிற்று, நான் ஒண்ணும் நெனச்சுச் செய்யேல அக்கா, படகில ஓட்டையக் கண்டா கை சும்மா இருக்குமா என்றான். அவள் சிரித்தாள், சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தாள், கிளீட்டஸும் சிரித்தான், இழுப்பு வந்தது, இழுப்போடு சிரித்தான், ஏனென்றால் அவனும் விடிகாலையில் வந்து அந்த வேலையைப் பார்த்திருந்தான், பார்த்து நன்றாக இருக்கிறது என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். செரி, ஆராலயும் அடைக்க முடியாத ஓட்டை ஒண்ணு போடுவோம் என்று எழுந்தாள் பிளவர். பிளைவுட்டை முழுசாகப் பெயர்த்து எடுத்தார்கள், அயினி மரப் பலகையைக் கீற்றுக் கீற்றாக அறுத்து ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டில் மாதிரி அடித்தார்கள், இந்தத் தடவை கிளீட்டஸின் கை அடம் பிடிக்கவில்லை, துளைதான் ஆகாது, இடைவெளி பரவாயில்லை போலிருக்கிறது அதற்கு, அலமாரியில் திணித்திருந்த கயிறு, மிதவை, அரிசிச் சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள், அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டு வலையைக் கட்டினார்கள், மெத்தை படகின் பக்கச் சுவரில் ஒட்டாமல் இருக்க ஒரு கட்டையை வைத்தார்கள், கீற்றுகளுக்கு மேலே என்ன விரிக்கலாம் என்று அவள் யோசித்தபோது கிளீட்டஸ்தான் கிழிந்த பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து நாலாக மடித்துப் போட்டான், முடிச்சு முடிச்சாக அது மெத்தையைத் தாங்கிக்கொண்டது, அடியில் கை விட்டால் காற்று ஓடுவது தெரிந்தது, அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு ஒரு சுறாவைத் தனியாக இழுத்துப் போட்ட பெருமை வந்தது.

புது மெத்தையும் அவளே தைத்தாள், அதன் அடியில்தான் இந்தப் பை, கடலில் தீப்பெட்டியை நம்புகிறவன் கிடையாது, தொபியாஸ் தன்னுடையதை அரிசி போட்ட மூடி போத்தலில் வைத்திருப்பான், அப்படியும் பாதிக் குச்சி குழைந்துபோகும், அந்தத் தீப்பெட்டியை உங்கள் முதுகுக்கு அடியில் வைக்கிறேன், திரும்பி வரும்போது பற்றினால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பிறகு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பற்றாவிட்டால் தம்பி கடை, சம்மதமா என்று கேட்டாள், கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். சம்மதம் என்றான். காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும், சோம்பல் படக்கூடாது என்றாள், அதற்கும் சம்மதம் என்றான். அவன் புறப்படுகிற நாளில் அவள் துறைக்கு வந்ததே இல்லை, வாசலுக்குக்கூட வரமாட்டாள், உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் மறந்துபோன செல்போனை எடுக்கத் திரும்பி வந்தபோது பார்த்தான், மிஷின் கடகடவென்று ஓடுகிறது, ஊசிக்கு அடியில் துணி இல்லை. அதை அவன் அவளிடம் சொன்னதில்லை, இந்த நாற்பது சொச்சம் நாளும் மெத்தையைத் தூக்கி நிறுத்தும்போதெல்லாம் அது ஞாபகம் வந்தது, அவன் கரையில் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு உயிருக்கு அவ்வளவு ஆசை, அந்த உயிர்தான் அவன் கடலுக்குப் போக முட்டி போட்டுத் துளைத்தது, இதில் தான் ஜெயிக்க வேண்டுமா தோற்க வேண்டுமா என்றே சில நேரம் அவனுக்குப் பிடிபடவில்லை, ஆனால் இழுப்பு இல்லை, இந்தப் பயணம் முழுக்க நெஞ்சில் ஒரு விசில் இல்லை, மூச்சு அதுபாட்டுக்குப் போய் வருகிறது, இப்போதும் போய் வருகிறது, வெயில் கால்மாட்டிலிருந்து முட்டிக்கு ஏறியிருக்கிறது, முட்டிக்கு ஏறி இடுப்புக்கு, சுழல் நாற்காலி மெதுவாகச் சுற்றுகிறது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சூரை மீன்கள் கடைக்குள் வருகின்றன, வரிசையில் நில்லுங்கள் என்கிறாள் பிளவர், ஒவ்வொன்றையும் தூண்டில் நரம்பால் அளந்து முடிச்சுப் போடுகிறாள், இடுப்புப் பக்கம் ஒரு பிடி பஞ்சு கூடுதலாக வைக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்கிறாள், தொபியாஸ் மின்விசிறியில் ஏறி நின்று காற்று வருகிற வழியை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறான், மச்சான் பில் போட்டபடி நீந்துகிறான், கிளீட்டஸ் நாற்காலியின் கைப்பிடியைச் சுக்கான் மாதிரி ஒடித்துத் திருப்புகிறான், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் கடை நழுவிப் போகிறது, எல்லாத் திசையிலும் தூரம், தூரம், அண்ணே, கரை தெரியிது என்று யாரோ தோளைத் தட்டுகிறார்கள்.

கரைதான். துறையில் மீன் எடுக்க நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள் சேலை, கத்தரிக்கோல், பக்கத்தில் மச்சான், படகு தண்ணீரில் நிற்கும்போது விண்ணரசியில் இதுவரை எந்தப் பெண்ணும் ஏறியதில்லை, அவள் ஏறினாள், படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, எல்லோரும் வழி விட்டார்கள். மெத்தையைப் புரட்டினார்கள், அடியில் நீலக் கோடு பளிச்சென்று இருந்தது, ஒரு புள்ளி கறுப்பு இல்லை, ஆனால் பந்தயம் துணியில் இல்லையே, குச்சியில் அல்லவா, தையலைப் பிரித்தாள், பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள், உரசினாள். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பற்றவில்லை. மச்சான் தொண்டையைக் கனைத்தான், தொபியாஸ் கண்ணை மூடிக்கொண்டான், கிளீட்டஸ் சுக்கானைப் பார்த்தான், கண்ணாடிக்கு அப்பால் கிடக்கிற கடலைப் பார்த்தான், சரி என்று தலையை ஆட்டினான், சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவள் அந்தக் குச்சியைக் கீழே போட்டாள், இன்னொன்றை எடுத்தாள், யாரும் கேட்கவில்லை, பந்தயத்தில் இரண்டாவது குச்சி கிடையாது, அவள் எடுத்தாள், இந்தத் தடவை அழுத்தி, மெத்தை ஊசியைப் பிடிக்கிற அந்த உறுதியோடு உரசினாள், பற்றிக்கொண்டது.

கடல்காற்று உள்ளே வந்தது, தீ சாய்ந்தது, அவள் இடது கையைக் குவித்தாள், அவன் தன் இரண்டு கையையும் அதைச் சுற்றிக் குவித்தான், சின்னத் தீ, நாலு உள்ளங்கைக்குள் நிமிர்ந்து நின்றது, தொபியாஸ் அடுப்படிக்கு ஓடினான், டீ போடப் போகிறானாம், அந்தக் குச்சியாலேயே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அணைத்துவிடாதீர்கள் என்று கத்திக்கொண்டே ஓடினான். முதல் குச்சியோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பாயே என்று கிளீட்டஸ் மெல்லக் கேட்டான், அவள் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்குத்தி மினுங்கியது, முதல் குச்சிய எனக்காச்சுட்டி உரசினேன், கொறச்சு மெல்ல உரசிட்டேன், ரெண்டாமத்தது ஒங்களுக்கு என்றாள். குச்சி எரிந்து அவள் விரலுக்கு வந்துகொண்டிருந்தது, அவன் வாங்கிக்கொண்டான், அவன் உள்ளங்கை சூடாக இருந்தது, ஈரமில்லை என்று அதற்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.